கல்லும் மூலிகையும்: சப்ரகமுவ மலைகளில் எழுதாமல் விட்ட ஓர் அறிவு மரபு

நான் கற்பிப்பது இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில். மேலே தேயிலை, கீழே இறப்பர், நடுவில் எங்கள் பாடசாலை. ஒருநாள் தரம் ஒன்பது மாணவர்களுக்கு அடர்த்தி பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. பொருளொன்றை நீரில் அமிழ்த்தி, அது இடம்பெயர்க்கும் நீரை அளந்து, பொருளின் நிறையை அதனால் வகுக்கும் முறையை விளக்கிவிட்டு, "ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மாணிக்கக் கற்களை இப்படி அளந்தவர் அல்பிரூனி" என்றேன். பின் வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழுந்து நின்றான். தோட்டத்தில் பெயர் போடாத நாட்களில் மாணிக்கக் குழிக்குப் போகும் ஒருவரின் மகன் அவன்.

"அந்தக் கல்லு அவருக்கு எங்கேருந்து சேர் கெடச்சிச்சு?"

"நம்ம ஊர்ப் பக்கமிருந்துந்தான் போயிருக்கும்" என்றேன். வகுப்பே சிரித்தது. சேர் பகிடி விடுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். நான் பகிடி விடவில்லை. அன்று பாடவேளை முடிந்துவிட்டதால் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்மவர்களுக்கு அறிஞர் பெயர்களைச் சொல்வதில் குறைவில்லை. மீலாத் விழாப் பேச்சுப் போட்டிகளில் இப்னு ஸீனா, அல்பிரூனி, அல்குவாரிஸ்மி, இப்னு ருஷ்து என்று பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார்கள். ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில் நானும் அந்தப் பட்டியலை மனனம் செய்தவன்தான். பக்தாத், குர்துபா, புகாரா என்று ஊர்ப் பெயர்களும் வரும். அந்தப் பட்டியலில் நமது மலைகளுக்கு இடம் உண்டா என்று அப்போது நான் கேட்டதில்லை. கேட்க வைத்தவன் அந்தப் பையன்.

ஸரந்தீபின் கல்

அபூ ரைஹான் அல்பிரூனி 973இல் குவாரஸ்மில் பிறந்தவர். 1048ஆம் ஆண்டளவில் கஸ்னியில் காலமானார். தமது முதிய வயதில் அவர் எழுதிய நூல்களுள் ஒன்று 'கிதாபுல் ஜமாஹிர்'. மணிகளையும் உலோகங்களையும் பற்றியது. கஸ்னியின் சுல்தான் மவ்தூதுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. யாகூத் என்று அரபியர் அழைத்த செம்மணி, நீலமணி வகைகள் ஸரந்தீபிலிருந்து வருவதை அவர் எழுதுகிறார். அவர் இலங்கைக்கு வந்ததில்லை. வணிகர்கள் வாயிலாகக் கேட்டும், கைக்கு வந்த கற்களை ஆராய்ந்தும் எழுதினார்.

கேட்டதோடு அவர் நின்றுவிடவில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. கூம்பு வடிவில் ஒரு பாத்திரம் செய்து, அதன் ஒடுங்கிய கழுத்தில் துளையிட்டுச் சிறு குழாய் பொருத்தினார். கல்லை உள்ளே இட்டதும் குழாய்வழி வழியும் நீரைப் பிடித்து நிறுத்தார். உலோகங்களுக்குப் பொன்னை அளவுகோலாக வைத்தது போல, மணிகளுக்கு நீலத்தை 100 என வைத்து மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டார். பழைய பாடநூல்களில் தன்னீர்ப்பு என்று நாம் படித்தது இதைத்தான். அவருடைய முடிவுகளை அல்காஸினி, 1121ஆம் ஆண்டளவில் எழுதிய 'ஞானத்தின் தராசு' என்ற நூலில் பாதுகாத்து வைத்தார். ஒருவர் அளந்தார், இன்னொருவர் அதைப் பதிந்து வைத்தார். இந்த இரண்டும் சேர்ந்தே ஒரு மரபு உருவாகிறது.

1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா பாவா ஆதம் மலைக்கு யாத்திரை செய்தார். இன்று அந்த மலையின் ஒரு பாதை இரத்தினபுரிப் பக்கமாகவே ஏறுகிறது. நிலத்தைத் தோண்டி எடுக்கும் கற்களை உரைத்து உள்ளிருக்கும் மணியை வெளிப்படுத்தும் முறையையும், குறித்த பெறுமதிக்கு மேற்பட்ட கல்லை அரசர் விலை கொடுத்து எடுத்துக்கொள்வார், மற்றவை கண்டெடுத்தவருக்கே என்ற வழக்கத்தையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். இன்று எங்கள் பகுதியில் குழியில் இறங்குகிறவர்கள் 'இல்லம்' என்ற சரளைப் படையைத் தேடி இறங்குகிறார்கள். அதை வாரி மேலே அனுப்பி, கூடையில் இட்டு நீரில் அலசும்போது பாரமான கல் கூடையின் அடியில் தங்கும். அல்பிரூனி தராசில் கண்ட உண்மையையே அவர்களும் தினமும் கையில் கண்டுகொண்டிருக்கிறார்கள். பெயர்தான் வேறு.

ஊதுகுழல்

என் உம்மாவின் ஊர் இரத்தினபுரிப் பக்கம். உம்மாவின் வாப்பாவை நாங்கள் 'அப்பா' என்றே அழைப்போம். அவர் கல் வெட்டுகிறவர். வில்லை இழுத்துச் சுழற்றும் சாணைப் பட்டடை ஒன்று அவரிடம் இருந்தது. அதைவிட எனக்கு வியப்பூட்டியது அவரது ஊதுகுழல். நீலம் கலங்கிய சிவப்புக் கல் கிடைத்தால் நனைத்த சுண்ணாம்பில் பொதிந்து, சிரட்டைக் கரி நெருப்பில் வைத்து, கன்னம் புடைக்க ஊதுவார். மணித்தியாலக் கணக்கில் ஊதுவார். ஆறியபின் உடைத்துப் பார்த்தால் நீலச் சாயல் போய்க் கல் தெளிந்திருக்கும், அல்லது வெடித்திருக்கும். எவ்வளவு நேரம், எந்தக் கல்லுக்கு எவ்வளவு சூடு என்று நான் கேட்டால், "அது கைக்குத் தெரியும் மகன்" என்பார்.

இந்த வேலையின் வயதை நான் அறிந்துகொண்டது மிகப் பிந்தி. இன்றைய அல்ஜீரியாவில் பிறந்து, 1253இல் காலமான அஹ்மத் அத்திஃபாஷி என்ற அறிஞர் 1240ஆம் ஆண்டளவில் மணிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஸரந்தீபில் செம்மணியின் மீது பசை பூசி, விறகு அடுக்கித் தீமூட்டி, கருமை நீங்கும்வரை ஊதிச் சூடேற்றும் முறை அதில் விவரிக்கப்படுகிறது. அதாவது எங்கள் அப்பா முற்றத்தில் குந்தியிருந்து செய்த வேலை, அவருக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே அரபு நூலொன்றில் பதிவாகியிருந்தது. அப்பா அதை அறியாமலே மௌத்தானார். அவர் கைக்குத் தெரிந்தது அவரோடு கபுருக்குப் போனது.

இது தனிக் குடும்பத்தின் துயரம் மட்டும் என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். 1970களில் நடந்ததைப் பாருங்கள். பாலைக் கலக்கியது போன்ற மங்கலான கல்லை இங்கே 'கெவுடா' என்பார்கள். அதற்கு மதிப்பில்லை என்று ஒதுக்கி வைத்திருந்தோம். தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதை அடிமாட்டு விலைக்கு வாங்கிச் சென்றார்கள். அங்கே உலையில் 1,600, 1,700 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றியபோது மங்கல் மறைந்து ஆழ்ந்த நீலம் பிறந்தது. கல்லினுள் நுண்ணிய ஊசிகளாகப் படிந்திருக்கும் தைத்தேனியச் சேர்வை அந்த வெப்பத்தில் கரைந்து, கல்லில் ஏற்கனவே உள்ள இரும்போடு சேர்ந்து நீல நிறத்தைத் தருகிறது என்பது அதன் விளக்கம். ஊதுகுழலால் அந்த வெப்பத்தை எட்ட முடியாது. சிவப்புக் கல்லின் நீலச் சாயலைப் போக்கவே அது போதும். ஆனால் நெருப்பு கல்லின் நிறத்தை மாற்றும் என்ற அடிப்படை அறிவு நம் முற்றங்களில் எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தது. அடுத்த படிக்கு நாம் ஏறவில்லை. ஏன்?

தொழில் இரகசியம் என்பது ஒரு காரணம். வாப்பா மகனுக்கு மட்டும் சொல்வார், மகன் மருமகனுக்குக்கூடச் சொல்ல மாட்டான். இரகசியம் வியாபாரத்துக்கு நல்லது. அறிவுக்கு அது நஞ்சு. எத்தனை கல் வெடித்தது, எந்தச் சூட்டில் வெடித்தது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதாத தோல்வியிலிருந்து அடுத்தவர் எதைக் கற்பது? ஒவ்வொரு தலைமுறையும் முதலிலிருந்து ஊதத் தொடங்கியது.

மேஸ்திரியாரின் மூலிகைகள்

என் வாப்பாவின் ஊர் கேகாலை மாவட்டம். அங்கே கதை கல்லைப் பற்றியதல்ல, மருந்தைப் பற்றியது. கண்டி இராச்சியத்தில் அரச மருந்துப் பிரிவை 'பெஹெத்கே' என்பர். அதில் முஸ்லிம் வைத்தியர்கள் பணிபுரிந்தனர். கேகாலைப் பகுதியின் கோபால வைத்தியக் குடும்பம் அவர்களுள் பெயர்பெற்றது. 1760இல் மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனைக் கொல்ல நடந்த சதியை அவருக்கு வெளிப்படுத்தியவர் கோபால முதலியார் என்ற முஸ்லிமே. கண்டிப் பகுதி முஸ்லிம்கள் பலர் இன்றும் சிங்களக் 'கெதர'ப் பெயர்களைத் தாங்கியிருப்பது அந்தப் பழைய பிணைப்பின் தடயம். வரலாற்றுப் பேராசிரியை லோர்னா தேவராஜா, 1994இல் வெளிவந்த தமது நூலில் இந்த உறவைப் பற்றி நன்றியோடு எழுதியிருக்கிறார்.

ஆயினும் இத்துறையில் என்னை அதிகம் சிந்திக்க வைத்த ஆவணம் ஒரு கடிதம். இலங்கையின் பிரதம நீதியரசராக விளங்கிய சேர் அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டன் எழுதியது. 1827இல் லண்டன் ரோயல் ஆசியக் கழகத்தின் ஏட்டில் அச்சானது. 1806இல் மீரா லெப்பை மேஸ்திரியார் என்ற முஸ்லிம் வைத்தியரைச் சுதேச மருத்துவப் பிரிவின் மேற்பார்வையாளராகத் தாம் நியமித்ததாக அவர் கூறுகிறார். அவரிடம் மிகச் சிறந்த மருத்துவ நூல் திரட்டு இருந்ததாம். அவற்றுட் பெரும்பாலானவை எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளாக அவரது குடும்பத்தில் இருந்து வந்தவையாம். அக்காலம் முழுவதும் குடும்பத்தில் ஒருவராவது வைத்தியராக இருப்பது வழக்கமாம். அரிஸ்டோட்டில், பிளேட்டோ, யூக்ளிட், கலன், தொலமி ஆகியோரின் நூற்பகுதிகள் அரபு மொழிபெயர்ப்பில் இலங்கைக்கு வந்து சேர்ந்திருந்ததையும், இப்னு ஸீனாவின் மருத்துவம் இங்கே பயின்றதையும் அதே கடிதம் பேசுகிறது.

இன்னொரு செய்தியும் அதில் உண்டு. முஸ்லிம் வைத்தியர்கள் தொன்றுதொட்டுப் பயன்படுத்தி வந்த இலங்கைத் தாவரங்கள் அனைத்தையும் பற்றி மேஸ்திரியார் விரிவான அறிக்கையொன்றைத் தயாரித்துக் கொடுத்தார். அத்தாவரங்களையும், உணவுக்கும் வணிகத்துக்கும் உதவும் பிற பயிர்களையும் வளர்த்து மேம்படுத்துவது, 1810இல் தமது ஆலோசனைப்படி அரச தாவரவியல் பூங்கா நிறுவப்பட்டதன் பெருநோக்கங்களுள் ஒன்று என்கிறார் ஜோன்ஸ்டன்.

இந்தச் செய்தியைத் தோட்டப் பாடசாலையில் இருந்துகொண்டு வாசித்துப் பாருங்கள். கொழும்பில் தொடங்கிய அந்தப் பூங்கா களுத்துறைக்குப் போய், 1821இல் பேராதனையில் நிலைகொண்டது. 1839இல் அஸ்ஸாம் தேயிலை விதைகள் வந்து சேர்ந்தது பேராதனைக்கு. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை தோட்டப் பயிரானது. 1876இல் இறப்பர் கன்றுகள் வந்து ஊன்றியது கம்பஹாவின் ஹெனரத்கொடைப் பூங்காவில். பிறகு சப்ரகமுவவின் சரிவுகளெல்லாம் இறப்பரும் தேயிலையும் ஆயின. அந்த வேலைக்குத் தமிழகத்திலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று என் வகுப்பில் இருக்கிறார்கள். ஒரு ஹக்கீமின் மூலிகைப் பட்டியலுக்கும் இந்தப் பிள்ளைகளின் லயன் வாழ்க்கைக்கும் இடையே ஒரு நூல் ஓடுகிறது. மருந்துக்கென எண்ணிய தோட்டம் வியாபாரத் தோட்டமாகி, அதன் இலாபம் எங்கெங்கோ போனதும், உழைத்தவர்களின் கூலி எங்கே நின்றதும் நாமறிந்த கதை. அந்தப் பொறுப்பை மேஸ்திரியார் மேல் சுமத்த முடியாது. அறிவு யார் கைக்குப் போகிறதோ அவர் நோக்கத்துக்கே அது வேலை செய்யும் என்பதை மட்டும் இங்கே கற்றுக்கொள்ளலாம்.

மேஸ்திரியாரின் பெயர் நம் காலம்வரை வந்து சேர்ந்தது அந்த ஆங்கிலேயரின் கடிதத்தால் என்பதும் நினைக்கத்தக்கது. எங்கள் அப்பாவின் ஊதுகுழலுக்கு ஒரு திஃபாஷி, மேஸ்திரியாரின் மூலிகைக்கு ஒரு ஜோன்ஸ்டன். நம் கை செய்கிறது, எழுதுவது வேறொருவர் கை.

ஆற்றுக்குப் போகவிருந்த கொப்பி

'நம்மவர் எழுதவே இல்லை' என்று இவ்வளவு தூரம் சொல்லி வந்தேன். அது முழு உண்மையல்ல என்று எனக்குக் காட்டியது ஒரு பழைய கொப்பி.

சில ஆண்டுகளுக்கு முன் வாப்பாவின் ஊரில் உறவுக்கார வீடொன்றைப் புதுப்பித்தார்கள். கூரைக்கடியில் இருந்த தகரப் பெட்டியில் சிதைந்த குர்ஆன் பிரதிகளோடு ஒரு தடித்த கொப்பியும் இருந்தது. எழுத்து அரபு எழுத்து. எவருக்கும் வாசிக்க வரவில்லை. அரபு எழுத்தாதலால் குப்பையில் போடவும் மனமில்லை. மரியாதையாக மகா ஓயாவில் விட்டுவிடுவதென்று பையில் கட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கிழமை நான் அங்கே போயிருந்தது தற்செயல்.

திறந்து பார்த்தேன். பிஸ்மியில் தொடங்கியது. அடுத்த வரி அரபாக ஓடவில்லை. எழுத்துக் கூட்டி, கூட்டி, வாய்விட்டு வாசித்தபோது காதில் விழுந்தது தமிழ்! அரபுத் தமிழ். அரபு எழுத்துகளோடு, தமிழ் ஒலிகளுக்கென மேலதிகப் புள்ளியும் குறியும் இட்ட எழுத்துகளைச் சேர்த்து நம் முன்னோர் அமைத்துக்கொண்ட எழுத்துமுறை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816 - 1898) மார்க்கச் சட்டங்களை விளக்கிய 'பத்ஹுத் தய்யான்' இந்த எழுத்தில் அமைந்ததே. என் கையிலிருந்தது மார்க்க நூலல்ல. மருந்துக் கொப்பி. கழஞ்சு, பலம் என்று அளவுகள். கருஞ்சீரகத்துக்கு அரபுப் பெயர். மரமஞ்சளுக்கு 'வெனிவெல்கெட்ட' என்ற சிங்களப் பெயர். மூன்று மொழிகள் ஒரே பக்கத்தில் சண்டையின்றி அமர்ந்திருந்தன. சில மருந்துகளின் ஓரத்தில், அதே கையால், 'கேட்கவில்லை' என்று ஒரு சொல். மருந்துக்கு நோய் கேட்கவில்லை என்பது பொருள். அந்தச் சொல்லைக் கண்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. தன் தோல்வியைத் தானே எழுதி வைத்த ஒரு மனிதர்! அல்பிரூனியின் வாரிசு என்று யாரையாவது நான் அழைப்பதானால் பெயர் தெரியாத இந்தக் கிராமத்து வைத்தியரையே அழைப்பேன்.

பக்கங்களைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டு வந்தேன். இடைவேளையில் ஒரு பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த சக ஆசிரியை ஒருவர் காது கொடுத்துக் கேட்டார். ஆடாதோடையும் திப்பிலியும் சேர்ந்த இருமல் கஷாயம் அது. "இது எங்க அப்பாயி சொல்ற கஷாயம் சேர். நீங்க அரபுல வாசிக்கிறீங்க, எனக்குத் தமிழாக் கேக்குது" என்றார். கண்ணுக்கு அந்நியமாக இருந்தது காதுக்குச் சொந்தமாக இருந்தது. எழுத்து மறைத்து வைத்ததைக் குரல் திறந்துவிட்டது எனலாம்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். பழைய கொப்பியில் இருப்பதாலேயே ஒரு மருந்து நல்லதாகிவிடாது. அதைப் பார்த்து எவரும் வீட்டில் காய்ச்சிக் குடிக்க வேண்டாம். அதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர்கள் வைத்தியர்களும் ஆய்வாளர்களும். அவர்கள் சோதிப்பதற்கு முதலில் அது இருக்க வேண்டும். ஆற்றில் கரைந்ததை எந்த ஆய்வுகூடமும் சோதிக்க முடியாது.

நமது இலக்கிய வரலாறு செழிப்பானது. கிஸ்ஸா, மஸ்அலா, நாமா, படைப்போர், முனாஜாத்து என்று வகைவகையாகத் தேடி எடுத்து உலகறியச் செய்தவர் பேராசிரியர் ம.மு. உவைஸ். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையையும், 1885இல் 'அஸன்பேயுடைய கதை' நாவலையும் தந்த சித்தி லெப்பையை நாம் மறப்பதில்லை. அரபுத் தமிழுக்கென 1993இல் தைக்கா சுஐப் ஆலிம் ஆங்கிலத்தில் ஒரு பெருநூலே எழுதினார். இவர்கள் போட்ட பாதையில் நாம் இன்னும் ஓரடி வைக்கலாம். புலவரின் ஏட்டுக்குக் கொடுத்த மரியாதையை வைத்தியரின் கொப்பிக்கும், கல் வியாபாரியின் கணக்குப் புத்தகத்துக்கும், மேசன்மாரின் அளவுக் குறிப்புக்கும் கொடுக்கலாம். அவையும் நம் எழுத்தே. அவற்றில் நம் அறிவு எப்படி வேலை செய்தது என்பது இருக்கிறது.

இவ்விதழின் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் அரபு எழுத்துக் கொப்பி இருந்தால், ஆற்றுக்கோ மண்ணுக்கோ கொடுக்குமுன் ஒருதரம் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். தமிழாகக் கேட்டால் நிறுத்துங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம்பிடியுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அது யார் கை என்று கேட்டுக் குறித்து வையுங்கள். உறவுக்கார வீட்டில் என்னால் இதை முழுமையாகச் செய்ய முடியவில்லை. அந்தக் கை யாருடையது என்று சொல்லக்கூடிய மூதாட்டி நான் போவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் காலமாகிவிட்டார்.

பையனின் கதையை முடிக்கவில்லை. அடுத்த நாள் அவன் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து வைத்தான். வாப்பாவின் கூடையிலோ ஓடைக்கரையிலோ என்று நான் நினைத்தேன். "அப்பா குழியில எடுத்தது சேர்" என்றான். தராசில் வைத்தோம், 53 கிராம். அளவுச்சாடியில் இட்டோம், நீர் 20 மில்லிலீற்றர் உயர்ந்தது. வகுத்தால் 2.65. நீலம் என்றால் 4க்கு அருகில் வர வேண்டும். அது வெறும் படிகக்கல். அவன் முகம் வாடிவிட்டது.

"பரவாயில்ல, எழுது" என்றேன். "என்ன சேர் எழுதுறது, அது ஒண்ணுமில்லாத கல்லு" என்றான். திகதி, எடுத்த இடம், நிறை, நீரின் அளவு, விடை எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். எழுதினான். கடைசி வரியாக நான் சொல்லாத ஒன்றையும் அவனாகவே சேர்த்திருந்தான்: 'நீலம் இல்லை.'